மெட்டல்மேன் என்ற அப்பாவி

மெகாமேன் 2 ஆடியவர்களை எடைபோட ஒரே கேள்வி போதும். எட்டு ரோபோக்களில் யாரிடம் முதலில் போவீர்கள்? ஏர்மேனிடம் என்று சொல்பவர், வங்கிப் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் ரகம். குயிக்மேனிடம் என்று சொல்பவர் மாவீரர், இல்லாவிட்டால் பொய்யர். மீதிப் பேர் எல்லாம், அடியேனையும் சேர்த்து, நேராக மெட்டல்மேன் வீட்டுக்குத்தான் போவோம். அவன் மேல் நமக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவனிடம் ஒரு நல்ல சாமான் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1987 டிசம்பரில் ஜப்பானில் கேப்காம் நிறுவனம் ஃபேமிகாம் பெட்டிக்காக 'ராக்மேன்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. நீல உடுப்பில் ஒரு குட்டி ரோபோ ஓடுவான், தாவுவான், கையையே துப்பாக்கியாக்கிச் சுடுவான். அமெரிக்காவுக்குப் போனதும் அவனுக்கு மெகாமேன் என்று பெயர் மாறியது. பெயரோடு விட்டிருக்கலாம். அங்கே அச்சான அட்டைப்படத்தில் அந்தச் சிறுவனைக் காணோம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மஞ்சளும் நீலமும் கலந்த உடுப்பில், கையில் துப்பாக்கியோடு, முட்டி வலியை மறைத்துக்கொண்டு நிற்பதுபோல நிற்பார். படம் வரைந்தவருக்கு விளையாட்டை யாரும் காட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வேறு சமாதானம் எனக்குத் தோன்றவில்லை.

மெகாமேனைச் செய்தவர் டாக்டர் லைட், நல்லவர், வெள்ளைத் தாடி. அவருக்கு எதிரி டாக்டர் வைலி, கெட்டவர், ஐன்ஸ்டைன் தலைமுடி. வைலி ரோபோக்களை ஏவி உலகத்தைப் பிடிக்கப் பார்ப்பார், பையன் போய் ஒவ்வொருவரையும் அடித்து முடிப்பான். இதில் ஒரு சட்டம் உண்டு. எந்த ரோபோவை வென்றாலும் அவனுடைய ஆயுதம் நமக்கு வந்துவிடும். அந்த ஆயுதம் இன்னொரு ரோபோவுக்கு எமனாக இருக்கும். கல், காகிதம், கத்தரி என்று கையை நீட்டிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம்தான் இதற்கு மூலம். முதல் விளையாட்டில் இதை ஒளிவுமறைவில்லாமலே செய்திருப்பார்கள்: கட்மேன் என்பவன் தலையில் கத்தரியோடு திரிவான், அவனைக் கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்ல வேண்டும்.

முதல் விளையாட்டு அப்படியொன்றும் அமோகமாக விற்கவில்லை. நிறுவனத்துக்கு இரண்டாவதில் பெரிய ஆசையும் இல்லை. அகிரா கிதமுராவின் சிறிய குழு, மற்ற வேலைகளையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்துகொள்வதாகச் சொல்லி அனுமதி வாங்கி, சில மாதங்கள் தூக்கத்தைத் தொலைத்து முடித்தது. 1988 டிசம்பர் 24 அன்று ஜப்பானில் வெளியான அந்த இரண்டாம் பாகம் உலகம் முழுக்கப் பதினைந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மேலிடம் ஆசைப்பட்டு ஆரம்பிக்கும் திட்டங்களின் கதியை நினைத்துப் பார்க்கிறேன். மேலே எதுவும் சொல்லமாட்டேன், நானும் சம்பளம் வாங்குகிறவன்.

இந்த இரண்டாம் பாகத்தில் ஒரு விசேஷம், எட்டு ரோபோக்களும் ரசிகர்கள் வரைந்து அனுப்பிய படங்களிலிருந்து பிறந்தவர்கள். 'உங்கள் வில்லனை அனுப்புங்கள்' என்று கேட்டதற்கு ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கெய்ஜி இனாஃபுனே முதலான வரைகலைஞர்கள் தேர்ந்தெடுத்து, திருத்தி, நிறம் கொடுத்தார்கள். எவ்வளவு திருத்தினாலும் பென்சில் வாசனை போகவில்லை. ஏர்மேனைப் பாருங்கள், தலையே கிடையாது. வயிற்றில் மின்விசிறி, அதற்கு மேலே இரண்டு கண்கள், அவ்வளவுதான் ஆள். வுட்மேன் என்பவன் கைகால் முளைத்த மரத்துண்டு. பபிள்மேன் தண்ணீருக்குள் தவளை மாதிரி எத்தி எத்திக் குதிப்பான். அவன் தாண்டுகிறானே என்று நாமும் ஆவேசமாக எம்பினால் கூரையிலிருக்கும் கண்ணிவெடியில் இடித்துச் சாவோம். அதில் அவனுக்கு எந்தப் பங்கும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்.

இவர்கள் நடுவில் மெட்டல்மேன் ஒருவன்தான் வேலைவெட்டி உள்ளவன் மாதிரித் தெரிவான். சிவப்பு உடுப்பு, நெற்றியில் வட்ட ரம்பம், கையில் வட்ட ரம்பம். இருப்பிடம் தொழிற்சாலை. தேர்வுத் திரையில் கீழ் வரிசையில் இடது ஓரத்தில் அவன் முகம் இருக்கும். பக்கத்தில் நேரத்தையே நிறுத்தும் ஃப்ளாஷ்மேன். அப்படிப்பட்டவர்கள் மத்தியில், 'எனக்கு ரம்பம் வீசத் தெரியும்' என்று ஒருவன் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், அதுதான் எனக்கு அவனிடம் பிடித்தது.

அவனுடைய தொழிற்சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஆறு பாகங்களையும் சேர்த்து 2015-இல் போட்ட தொகுப்பை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்திருந்தார். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சியில் எது ஓடினாலும் ஐந்து நிமிடம் பார்ப்பார், பிறகு தூங்கிவிடுவார். அன்றைக்குத் தூங்கவில்லை.

"இது எந்தக் கம்பெனிடா?"

"கம்பெனி இல்ல பெரியப்பா, கேம்."

"பெல்ட்டு ஓடுது, மேல பிரஸ் இறங்குது, கீழ ஆள் நடக்குறான். கார்டு எங்க? நிறுத்துற ஸ்விட்ச் எங்க?"

உண்மைதான். அங்கே தரை முழுக்கக் கன்வேயர் பெல்ட். நாம் ஒரு பக்கம் ஓடினால் அது இன்னொரு பக்கம் இழுக்கும். தலைக்கு மேலே இரும்பு அமுக்கிகள் தொங்கும், கீழே போனதும் சரேலென்று இறங்கும். தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் டிரில்கள் கிளம்பி வரும். இத்தனை ஓடியும் அந்தத் தொழிற்சாலையில் என்ன தயாராகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெல்ட்டில் ஒரு சரக்கும் வருவதில்லை, நான்தான் வருகிறேன்.

பெரியப்பா கண்ணை இடுக்கினார். "அந்தப் பல்சக்கரத்து மேல ஏறி நின்னு ஓட்டிக்கிட்டு வர்றானே, அவன் யாரு?"

"அது கோமாளி ரோபோ பெரியப்பா."

"அப்படியா, நான் சூப்பர்வைசர்னு நெனச்சேன்."

எல்லாம் தாண்டிக் கடைசி அறைக்குள் போனால் மெட்டல்மேன் நிற்பான். அங்கேயும் தரை பெல்ட்தான், திசை வேறு மாறும். அவன் எதிர்ச்சுவர் ஓரமாக மரியாதையாக நிற்கிறான். நாம் ஒரு குண்டு விட்டால் எகிறிக் குதித்து, அந்தரத்திலிருந்து ரம்பம் வீசுகிறான். நெருங்கிப் போனால் நம் தலைக்கு மேலே தாண்டி மறுபக்கம் போய்விடுகிறான். அதற்கு மேல் அவனிடம் தந்திரம் எதுவும் இல்லை. குயிக்மேன் அறையில் அவன் எங்கே இருக்கிறான் என்று கண்ணே குழம்பும். மெட்டல்மேனோடு சண்டை போடுவது ஒழுங்கான கவுன்டரில் நின்று வேலை முடித்துக்கொண்டு வருவது மாதிரி. இருபத்தெட்டுக் கோடு உயிர், சுட்டுக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடும். கடைசியில் வெடித்துச் சிதறுவான். திரையில் மெகாமேன் நீல உடுப்பை மாற்றிக்கொண்டு நிற்பான், 'மெட்டல் பிளேடு கிடைத்தது' என்று வரும்.

இந்த மெட்டல் பிளேடைப் பற்றி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெகாமேனின் சொந்தத் துப்பாக்கி இடம் வலம் என்று நேராக மட்டும்தான் சுடும். தலைக்கு மேலே வௌவால் வந்து நின்றால் வெறித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். மெட்டல் பிளேடை எட்டுத் திசையிலும் எறியலாம். ஒரே நேரத்தில் மூன்று பறக்கும். சிக்கனமோ சிக்கனம், நான்கு வீசினால்தான் ஒரு கோடு குறையும். மற்ற ஆயுதங்களின் லட்சணத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஹீட்மேனிடம் வாங்கும் நெருப்பை நன்றாகச் சூடேற்றி விட்டால் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு காலி. க்ராஷ்மேனின் வெடிகுண்டு ஒன்றுக்கு நான்கு கோடு. ஃப்ளாஷ்மேனின் நேர நிறுத்தியை ஒருமுறை அமுக்கினால் முழுவதும் தீரும்வரை அதை நிறுத்த முடியாது. நேரத்தை நிறுத்துகிற கருவிக்குத் தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை. பபிள்மேனின் குமிழி தரையோடு தரையாக உருளும். சோப்பு நழுவிப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். (அந்தச் சோப்புதான் கடைசி எதிரியான வேற்றுக்கிரகப் பூதத்தை வீழ்த்தும் ஒரே ஆயுதம் என்பது வேறு கதை. வடிவமைத்தவர்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.)

ஆக, மெட்டல் பிளேடு கையில் இருந்தால் வழியில் வருகிற பூச்சிபொட்டு முதல் பபிள்மேன், ஃப்ளாஷ்மேன் வரை அறுத்துக்கொண்டே போகலாம். வுட்மேன்கூடக் கொஞ்சம் அசைவான், மரமும் ரம்பமும் ஆயிற்றே. நான் மற்ற ஆயுதங்களை எடுப்பதே இல்லை. எட்டு நிற உடுப்பு இருந்தும் ஒன்றையே துவைத்துத் துவைத்துப் போடுகிறவன் நான்.

எட்டுப் பேரையும் முடித்தபின் வைலியின் மண்டையோட்டுக் கோட்டை. அங்கே ஐந்தாம் கட்டத்தில் எட்டுக் கூண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நுழைந்தால், செத்துப்போன எட்டுப் பேரும் மறுபடி உயிரோடு நிற்பார்கள். வைலிக்குப் புதிதாகச் செய்ய நேரம் இல்லை போல. இப்போது நம்மிடம் எல்லா ஆயுதமும் உண்டு. மெட்டல்மேனின் கூண்டுக்குள் போய், அவனுடைய ரம்பத்தையே எடுத்து அவன் மேல் வீசினால் என்ன ஆகும்? சாதாரண நிலையில் ஆடினால் ஒரே வீச்சு, ஆள் காலி. கடினமான நிலையில் இரண்டு. அந்த இருபத்தெட்டுக் கோடும் மொத்தமாக இறங்குகிறதைப் பார்த்தால் மீட்டர் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும்.

வீடியோ கேம் உலகத்தில் இதைவிட நேர்த்தியான நகைச்சுவை ஒன்று எனக்குத் தெரியாது. ஒரு வசனம் இல்லை, விளக்கம் இல்லை, யாரும் கைகொட்டிச் சிரிக்கவும் இல்லை. முதல் சந்திப்பில் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் அப்போது ரம்பம் அவனிடம் இருக்கிறது. அவனைக் கொன்று, பிடுங்கி, ஊர் முழுக்க அதை வைத்துப் பிழைத்து, கடைசியில் ஏதோ ஒரு யோசனையில் அவன் மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் எமன் இன்னொருவன் வீட்டிலிருந்து வருகிறான். மெட்டல்மேன் மட்டும் அவனைத் தன் பட்டறையிலேயே தீட்டித் தயாராக வைத்திருக்கிறான்.

பெரியப்பாவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "ரம்பத்துக்கு முதலாளி யாருன்னு தெரியுமாடா?" என்றார். பிறகு, "அவன் கைல கிளவுஸ் போட்டிருந்தானா?" என்று கேட்டார். உற்றுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவன் வெடித்துவிட்டான்.

செத்தும் அவனுக்கு ஓய்வில்லை. 1990-இல் வந்த மூன்றாம் பாகத்தில் டாக் ரோபோ என்றொரு மண்டையோட்டு முகத்தான் வருவான். பழைய எட்டுப் பேரின் வித்தைகளையும் அவனுக்குள் ஏற்றியிருப்பார்கள். ஸ்பார்க்மேனின் இடத்துக்கு இரண்டாம் முறை போகும்போது அவன் மெட்டல்மேனாக நின்று ரம்பம் வீசுவான். நம் ஆள் நேரில் வரவில்லை, வேலையை மட்டும் வேறொருவன் பெயரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் அலுவலகத்திலும் நடப்பதுதான் என்று எழுதி அடித்துவிட்டேன்.

பிறகு 2014-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் சண்டை விளையாட்டுக்குள் மெகாமேனைக் கொண்டுவந்தார்கள். மரியோ, பிகாச்சு, டாங்கி காங் என்று ஊர்ப்பட்ட கூட்டம். அவனிடம் இருக்கிற வித்தைகளில் முக்கியமான ஒன்றாக மெட்டல் பிளேடையே கொடுத்தார்கள். அங்கேயும் எட்டுத் திசை. இதைச் செய்தவர்கள் நம்ம கட்சி என்று பூரித்துப்போனேன். ஆனால் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். தரையில் குத்தி நிற்கும் ரம்பத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா மகளோடு ஆடினேன். அவளுக்கு ஒன்பது வயது, கிர்பி என்ற இளஞ்சிவப்பு உருண்டையை எடுத்துக்கொண்டாள். நான் மெகாமேன். முப்பது வருடப் பரம்பரைப் பெருமையோடு முதல் ரம்பத்தை வீசினேன். விலகினாள், அது தரையில் குத்தி நின்றது. போய் எடுத்தாள். திருப்பி வீசினாள். நான் திரைக்கு வெளியே போய் விழுந்தேன்.

"அது மாமாவோட ரம்பம்மா" என்றேன்.

"கீழதான கெடந்துச்சு மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.