கடாரத்துக் கதவு

மாக் மண்டின் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்காரும்போது வானம் தெளிந்திருந்தால், வடக்கே ஜெராய் மலை தெரியும். தெரிந்தால் போச்சு. பக்கத்து மேசைப் பெரியவர் ஆரம்பித்துவிடுவார்: "அதுதான்டா தம்பி கடாரம். நம்ம ராஜேந்திரன் அடிச்ச ஊரு."

அடித்தது வாஸ்தவம். யாரை அடித்தான் என்பதில்தான் கொஞ்சம் கூச்சம்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை கடாரத்து அரச குடும்பம் எழுப்பியது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைத் தானம் கொடுத்தான், வாய் வார்த்தையாக. அப்பா போனபின் அதைச் செப்பேட்டில் வெட்டி உறுதிசெய்தவன் சாட்சாத் ராஜேந்திரன்தான். மொத்தம் 21 ஏடு. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அவ்வளவு கனமான சிநேகம் 1025 வரைக்கும்தான் தாங்கியது. நீரிணை வழியே போகும் கப்பல்களின் காசு யார் பெட்டியில் விழுவது என்ற தகராறு என்கிறார்கள் பல வரலாற்றாசிரியர்கள். காசு என்று வந்துவிட்டால் விகாரையாவது வேட்டியாவது!

ஊர் உலகத்தில் நடக்காததா? கோத்துகளின் தலைவன் தியோடரிக் சிறுவயதில் பிணையாகக் கான்ஸ்டான்டிநோபிளில் வளர்ந்தவன். 488-ல் அவனை இத்தாலிக்கு ஏவியதே பைசாந்தியப் பேரரசர்தான். 535-ல் அதே இத்தாலியைக் கோத்துகளிடமிருந்து பிடுங்கப் படை அனுப்பினார் இன்னொரு பேரரசர், ஜஸ்டினியன். அந்தப் போரைப் பெருமையாக எழுதிய புரோகோப்பியஸ், ஜஸ்டினியனைப் பேய் என்று திட்டித் தனியாக இன்னொரு நூலும் எழுதி ஒளித்துவைத்தார். நம் மெய்க்கீர்த்திப் புலவருக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம் என்று மளிகைச் சீட்டுபோல 13 ஊரை அடுக்கிவிட்டுப் போய்விட்டார். அத்தனையும் பிடித்து எதை வைத்துக்கொண்டோம்? ஊரை இல்லை. யானைகளும் பொக்கிஷமும் போக, வித்யாதர தோரணம் என்ற அலங்கார வாயில், மணி பதித்த கதவு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்குமேல் கடல் தாண்டிப்போய்க் கதவைக் கழற்றிக்கொண்டு வந்த ஒரே பரம்பரை நாமாகத்தான் இருப்போம்.

மலாய்க்காரர் சொல்லும் கதை வேறு. செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் என்று கலிங்கத்து மன்னன் ஒருவன் வருகிறான். சோழன் பெயரின் எதிரொலி அது என்பார்கள். சீனாவை அடிக்கக் கிளம்பித் தெமாசெக் வரை வந்துவிட்டான். சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பொக்கைவாய்க் கிழவர்களையும் கப்பலேற்றி எதிரே அனுப்பினார்கள். "கிளம்பும்போது பொடியன்கள் நாங்கள், இந்த ஊசியெல்லாம் இரும்புக் கம்பி, மரமெல்லாம் விதை" என்றார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று மலைத்து மன்னன் திரும்பிவிட்டான். பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். தேத்தண்ணீர் ஆறுகிறது என்றார்.

சீன அரசவைக் கோப்பு இன்னும் மோசம். 1106-ல், பாகான் மன்னனுக்கு எந்த மரியாதையில் கடிதம் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, சோழன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கினவன், அவனுக்குச் சாதாரணக் காகிதம் போதும் என்று குறித்திருக்கிறார்கள். அடித்து 80 வருஷம் ஆகியும் செய்தி போய்ச் சேரவில்லை.

சம்பந்தப்பட்ட இருவரும் அதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். 1090 வாக்கில் கடாரத்துத் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து, விகாரை நிலங்களுக்குப் புதுச் செப்பேடு கேட்டார்கள், அவனும் கொடுத்தான். வந்தவர்களில் ஒருவர் பெயர் ராஜவித்யாதர சாமந்தன். அந்தப் பெயரைக் கேட்டும் கதவைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகச் செப்பேட்டில் இல்லை.