காகிதப் பாறையின் தோற்றமும் வளர்ச்சியும்: செஞ்சிக் குடில்களை முன்வைத்து ஒரு முன்னாய்வு

செஞ்சியில் பிறந்தவனுக்குப் பாறை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், யாரோ கொட்டிவிட்டு அள்ள மறந்ததுபோலக் கருங்கல் கிடக்கிறது. இருந்தும் டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் கடைக்குப் போய்ப் பிரவுன் பேப்பர் வாங்கி, கசக்கி, மைதா பசை தடவி, கரியும் காவியும் பூசி, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாறை செய்கிறோம். அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத இம்முரணை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் எங்கள் வீட்டு முன்னறை. தகவலாளிகள் அம்மா, சித்தப்பா, அத்தை, ஒரு பூனை.

பாறையைக் கையாள்வதில் இவ்வட்டாரத்துக்கு நெடிய மரபு உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். தேசூர்ப் பக்கம் சீயமங்கலத்திலும் அவன் ஒரு குன்றைக் குடைந்தான். அங்கே தூணில் ஆடும் சிவனைக் கல்லில் வந்த நடராசர்களில் மிகப் பழையவர்களுள் ஒருவர் என்பார்கள். சிறுவயதில் என்னை அங்கே அழைத்துப்போன சித்தப்பா குகை வாசலிலேயே வெகுநேரம் நின்றார். பக்தி என்று நினைத்தேன். அந்த ஆண்டு எங்கள் குடிலின் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் சிப்பாய்கள் துவாரபாலகர்களாக நின்றார்கள். பெத்லகேமில் பல்லவர் செல்வாக்கு இருந்ததற்கு இதுவரை கிடைத்துள்ள ஒரே சான்று அதுதான்.

குடில் பருவம் எப்போது தொடங்குகிறது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. திருச்சபைக் கணக்கில், நவம்பர் 30 அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் நாள். அது நவம்பர் 27க்கு முன்னே வராது, டிசம்பர் 3ஐத் தாண்டாது. அத்தை கணக்கில், தையற்காரர் “இனிமே துணி வாங்கறதில்லம்மா” என்று கைவிரிக்கும் நாள். அம்மா கணக்கில், கேழ்வரகை ஊறப்போடும் இரவு. நான் அம்மா கட்சி.

கேழ்வரகு இல்லாமல் குடிலுக்குப் புல் இல்லை. இரவு ஊறவைத்து, மறுநாள் துணியில் முடிந்து, முளை விட்டதும் பழைய தட்டில் மண் பரப்பித் தூவ வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் சம்மனசின் முழங்கால் மறையும் அளவு வளரும். குரோவேசியாவில் டிசம்பர் 13, லூசியம்மாள் திருநாளன்று கோதுமையைத் தூவுகிறார்கள். எங்கள் அம்மாவும் ஏறக்குறைய அதே நாளில்தான் தூவுகிறார். இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. தட்டை எங்கே வைப்பது என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டது. முளைப்பாரிபோல இருட்டில் வைத்தால் இளமஞ்சளாக, பார்க்க அழகாக வரும் என்பது அத்தை. பெத்லகேமில் வெயில் அடிக்கும், பச்சையாகத்தான் இருக்கும் என்பது சித்தப்பா. விளைவாகத் தட்டு பகலில் மொட்டைமாடிக்கும் இரவில் கட்டிலடிக்கும் பயணப்பட்டது. புல் பாதி பச்சை, பாதி மஞ்சளாக வளர்ந்தது. இரு தரப்பும் வெற்றியை அறிவித்தன.

சுரூபங்களின் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கியதால் ஆடு ஒட்டகத்தைவிடப் பெரியது. மூன்று இராசாக்களில் ஒருவர் சூசையப்பரின் இடுப்பளவு.

இனி மைய வினா. உண்மைக் கல் ஏன் கூடாது? ஒரு முறை அதையும் சோதித்தோம். மலையடிவாரத்திலிருந்து நான் தூக்கிவந்த கல்லுக்கடியிலிருந்து ஒரு தேள் புறப்பட்டு மாதாவை நோக்கி நடந்தது. சித்தப்பா பதறவில்லை. மாடும் கழுதையும்கூட லூக்கா நற்செய்தியின் பிறப்புக் கதையில் இல்லை, 1223இல் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார், யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்று வாதிட்டார். அம்மா செருப்பால் விவாதத்தை முடித்துவைத்தார்.

காகிதத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு: பிடிபட வசதியானது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்குச் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. சித்தப்பா அதே ராஜகிரியை ஒரே மாலையில் பிரவுன் பேப்பரில் எழுப்பினார். பசை காயுமுன் பூனை அதைப் பிடித்து, உச்சியில் சுருண்டு படுத்தது. அதைக் கிளப்ப யாருக்கும் மனம் வரவில்லை. சீரியல் செட் வெளிச்சத்தில் கீழிருந்து பார்த்தால் அது ஒரு பாறை மாதிரியே இருந்தது, மற்றவற்றைவிட நன்றாகவே.

குழந்தை சேசு சுரூபம் நடுச்சாமப் பூசை முடிந்து வரும்வரை வெளியே வரக்கூடாது என்பதால் அம்மா அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைப்பார். ஓராண்டு எந்த டிரம் என்பது மறந்துபோய், மீட்பர் 27ஆம் தேதி காலை படியோடு அளந்தெடுக்கப்பட்டார். அதுவரை முன்னிட்டியில் ஒரு பஞ்சு உருண்டை பொறுப்பு வகித்தது.

மூன்று இராசாக்கள் திருநாளுக்கு மறுநாள், ஜனவரி 7, குடில் பிரிக்கப்பட்டது. காகித மலை மடிந்து பரணுக்குப் போனது. மஞ்சள், பச்சைப் புல்லை ஒப்பிட்டு அளக்க அளவுகோல் எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். தட்டு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆடு இன்னும் மென்றுகொண்டிருந்தது.