போயிங்கிலிருந்து ஏர்பஸ்ஸுக்கு

கேள்வி: காலமெல்லாம் போயிங் ஓட்டிய நிறுவனம் திடீரென ஏர்பஸ்ஸுக்கு மாறுகிறதே, இதுவும் கட்சித் தாவல்தானா?

பதில்: பேரம் உண்டு, ஆனால் இங்கே தாவுகிறவர்தான் பணம் கொடுக்கிறார்! பிரிட்டனின் ஈஸிஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க போயிங் 737 வைத்திருந்த அந்நிறுவனம், 2002 அக்டோபரில் 120 ஏர்பஸ் ஏ319 விமானங்களைத் தேர்ந்தெடுத்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானம் வாங்க ஆளில்லாத காலம் அது. போட்டியாளர் ரயன்ஏர் அந்த ஜனவரியில்தான் போயிங்குக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. மலிவுக் கட்டணச் சந்தையில் காலூன்றத் துடித்த ஏர்பஸ் விலையை நன்றாக இறக்கியது. 156 இருக்கைகள் வேண்டும் என்றதும், இறக்கைமேல் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த அவசர வழியை இரண்டாக்கியும் கொடுத்தது. விமானத்தைவிட வாங்குகிற நேரம்தான் இங்கே முக்கியம் என்பேன்.

ஒரே ரகம் இருந்தால்தானே உதிரி பாகம், பயிற்சிச் செலவெல்லாம் குறையும் என்பீர்கள். நியாயம்தான். 737இல் விமானியின் எதிரே நிற்கும் கட்டுப்பாட்டுத் தண்டு, ஏர்பஸ்ஸில் பக்கவாட்டுக் கைப்பிடியாகிவிடுகிறது. பழகிய விமானியும் மறுபடி சிமுலேட்டரில் உட்கார வேண்டும். ஆனால், அது ஒருமுறைச் செலவு. விலைக் குறைப்போ வந்திறங்கும் ஒவ்வொரு விமானத்திலும் கிடைக்கிறது. இரண்டு ரகத்தையும் சேர்த்து ஓட்டும் இடைக்காலம்தான் உண்மையான சிரமம். ஈஸிஜெட் தன் கடைசி 737க்கு விடைகொடுக்க 2011 ஆயிற்று.