குறடேந்திய கொற்றவர் மெய்க்கீர்த்தி

எட்டுத் திக்கும் கேமரா தூக்குவோர் நடுங்க, ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸ் பைகளை நெஞ்சோடு அணைத்து வழிவிட, இடக்கையில் லென்ஸும் வலக்கையில் கட்டிங் பிளேயருமாக எழுந்தருளும் பெருமானே! இறுகிப்போன ஃபில்டர்களின் இறுமாப்பை அடக்க வந்த எங்கள் குறடேந்திய கொற்றவரே! தங்கள் வீரம் கல்லில் வெட்டப்பட வேண்டியது. என் வறுமையால் தாளில் எழுதுகிறேன்.

மாமல்லபுரக் கடற்கரையில் ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுத்துத் திரும்பிய என் லென்ஸை அன்று தங்கள் திருமுன் வைத்தேன். 77 மில்லிமீட்டர் வாய், அதில் ஒரு போலரைசர். அலுமினிய மரையோடு அலுமினிய மரை கவ்வி, இடையில் ஒரு மணல் சிக்கி, உப்புக்காற்றும் பட்டு இறுகியிருந்தது. மரைக்கு மரை முக்கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஒரு மணலுக்கு எதிராக யானைப்படையையே இறக்கிய தங்கள் தாராளத்தை எந்தப் புலவன் பாட வல்லான்!

போலரைசருக்கு வளையம் இரண்டு. பின்வளையம் லென்ஸில் மரையேறி நிற்கும், முன்வளையம் சும்மா சுழல்வதற்கென்றே செய்யப்பட்டது. தாங்கள் முன்வளையத்தைப் பற்றிக் கால்மணி நேரம் சுழற்றினீர்கள். அது சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. “வருது, வருது” என்று தாங்கள் திருவாய் மலர்ந்தருளிய அந்தத் தளராத நம்பிக்கை வேறு யாருக்கு வாய்க்கும்!

பிறகு பின்வளையத்தைக் கண்டுகொண்டீர்கள். அங்கேதான் தங்கள் பக்தி வெளிப்பட்டது. லென்ஸின் முகத்தை நேரே பார்த்தபடி கழற்றுவதானால் இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பார்கள் சாமானியர். கோயிலை வலம் வந்தே பழகிய குலத்தில் உதித்த தாங்கள் இடம் சுற்றுவீர்களா? வலப்பக்கமே திருப்பி, இருந்த இறுக்கத்தோடு இன்னும் கொஞ்சம் இறுக்கத்தையும் வரமாக அளித்தீர்கள்.

அடுத்து தங்கள் பிடி! தகடு போன்ற மெல்லிய வளையத்தை இரண்டு விரலால் எதிரெதிரே நெரித்தால் வட்டம் முட்டைவடிவாகி, நெரிக்காத பக்கங்கள் புடைத்து, அங்கே மரை இன்னும் வலுவாகக் கவ்விக்கொள்ளும். அசைய மறுத்த வளையத்தை மேலும் மேலும் நெரித்து, அது மறுப்பதற்கான காரணத்தையும் தாங்களே வழங்கினீர்கள். பகைவனுக்கு ஆயுதம் கொடுத்துப் போரிடும் அறம் இதிகாசத்திலும் அரிது.

இந்த மகத்தான வேளையில் தங்கள் கடைப் பையன் கொத்தமல்லிக் கட்டில் வந்த ரப்பர் பேண்டை எடுத்து நீட்டினான், அற்பன். அதைப் பின்வளையத்தில் மட்டும் சுற்றி, ஐந்து விரலும் சமமாகப் படும்படி மெல்லப் பிடித்து, நெரிக்காமல் இடப்பக்கம் திருப்பலாமாம். வெறும் யூ.வி. ஃபில்டராக இருந்தால் பழைய ரப்பர் செருப்பைக் கழுவித் துடைத்து, அதன்மேல் லென்ஸைக் கவிழ்த்து, லேசாக அழுத்தித் திருகினாலே போதுமாம். இதற்கென்றே வளையம் முழுவதையும் தழுவிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிகளும் ஜோடியாகக் கிடைக்கின்றனவாம். ஓசையில்லாமல் கழன்று வருவதில் என்ன வீரம்? பரணி பாட ஒரு போர்க்களமாவது மிஞ்ச வேண்டாமா? தாங்கள் அவனைப் பார்த்த பார்வையில் ரப்பர் பேண்ட் அவன் சட்டைப்பைக்கே திரும்பியது.

பிறகு நடந்தது அபிஷேகம். தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மரையோரம் வார்த்தீர்கள். அது உள்ளே கசிந்து அபர்ச்சர் இதழ்களைச் சென்றடைந்தது. விரிவதும் சுருங்குவதுமாக அலைந்துகொண்டிருந்த அவை அன்றுமுதல் ஒன்றோடொன்று ஒட்டி மோனத்தில் ஆழ்ந்துவிட்டன.

இறுதியில் குறடு எழுந்தது. அந்த ஒலியை என் செவிகள் இன்னும் பாராயணம் செய்கின்றன. வளையம் நெளிந்தது, கண்ணாடி விண்டது, சில்லொன்று லென்ஸின் முன்கண்ணாடியில் தங்கள் கையொப்பத்தைப் பொறித்தது. எதற்கும் அசையாத ஃபில்டர் என்றால், சர்வீஸ் தெரிந்தவர்கள் முன்கண்ணாடியை மூடிக் காத்து, ஃபில்டர் வளையத்தை மட்டும் சன்னமான ரம்பத்தால் அறுத்து உள்பக்கமாக மடக்கி எடுப்பார்கள். அவர்களுக்கு ஃபில்டர் வேறு, லென்ஸ் வேறு. தாங்களோ பேதம் பாராத சமதரிசி.

லென்ஸின் மரையும் நெளிந்துவிட்டதால் இனி அந்த வாயில் எந்த ஃபில்டரும் ஏறாது. ஏறாதது இறுகாது. நோயை வேரோடு களைந்த இந்த வைத்தியத்துக்குத் தாங்கள் கூலியும் கேட்டு வாங்கிக்கொண்டது, கொடுக்கும் பாக்கியத்தை எனக்கு அருளவே என்று உணர்கிறேன்.

ஊரில் சில துரோகிகள் பித்தளை வளையம் போட்ட ஃபில்டராகப் பார்த்து வாங்குகிறார்கள், அது அலுமினியத்தோடு அவ்வளவாகச் சிக்கிக்கொள்ளாதாம். மரையைத் தூரிகையால் தட்டி, விரல்நுனியால் மட்டும் திருகி, நின்ற இடத்தில் விட்டுவிடுகிறார்கள். தங்கள் பராக்கிரமத்துக்கு வேலையில்லாமல் செய்யும் இந்தச் சதியைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

என் இன்னொரு லென்ஸிலும் ஃபில்டர் இறுகியிருப்பதைக் கேள்வியுற்றுத் தாங்கள் பட்டறையிலிருந்து புறப்பட்டுவிட்டதாகப் பையன் போன் செய்தான். தங்கள் திருவடி பட என் எளிய வாசலுக்குத் தகுதி போதாது. எனவே கதவை உள்ளே தாழிட்டு, நாற்காலியையும் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பையன் மட்டும் பின்வாசல் வழியாக வந்திருக்கிறான், சட்டைப்பையில் ரப்பர் பேண்டோடு.