கூடணும், எடுக்கணும்

ஆசையைச் சொல்லத் தமிழ் இலக்கணம் ஒதுக்கிய இடம் வியங்கோள். வாழ்த்து, வசவு, வேண்டுதல், கட்டளை எல்லாம் அந்த ஒரே வினைமுற்றில் அடங்கும். அது தன்மையிலும் முன்னிலையிலும் நிலைக்காது என்றார் தொல்காப்பியர். மூவிடத்துக்கும் பொது என்று பின்வந்த நன்னூலார் தாராளம் காட்டினார். இலங்கையின் சப்ரகமுவத் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் ஜெயித்தது தொல்காப்பியர் கட்சிதான். "சம்பளம் உயர்க" என்று மேடையில் முழங்குவார்கள். உயர்த்த வேண்டியவர் நானுமல்ல, நீயுமல்ல, கூட்டத்துக்கு வராத யாரோ.

பேச்சில் வியங்கோளின் வேலையை 'ணும்' பார்க்கிறது. இரத்தினபுரிப் பக்கம், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் "சொன்ன கிலோ கொழுந்து எடுக்கணும்" என்றால் கட்டளை, குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். "சம்பளம் கூடணும்" என்றால் பிரார்த்தனை. கூடாவிட்டால் யாருக்கும் அரைப்பேர் இல்லை. கேகாலை ரப்பர் மலையில் பால் வெட்டப் போகிறவர் "மழை விடணும்" என்கிறாரே, சம்பளத்தின் 'ணும்' அந்த ரகம். இலக்கணமா கூலியைத் தீர்மானிக்கிறது, கொழும்புத் தேயிலை ஏல விலையல்லவா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் விலை விழும்போது கிலோவின் 'ணும்' மட்டும் கூடவே விழுவதில்லை. சட்டம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். இருக்கிறது: 2021இல் வர்த்தமானி வந்த பிறகுதான் 1,000 ரூபாய் நாள் சம்பளம் ஆசை என்ற நிலையிலிருந்து கட்டளையானது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி அறிவித்த 1,700 ரூபாய், நீதிமன்றம்வரை போய், செப்டெம்பரில் 1,350 ஆகத் திரும்பியது. மீதி 350 ரூபாயை எந்த வினைமுற்றில் சேர்ப்பது என்பதற்கு நன்னூலிலும் சூத்திரம் இல்லை.