பதினோரு மணி மண்டகப்படி

எங்கள் வீட்டு மாடிக்கு 22 படி. அதில் 11-வது படியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு முருங்கைமரம், கீழ்வீட்டில் மோட்டார் போடும் நேரம், கோ.புதூரில் எங்கள் தெருவில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அத்துப்படி ஆகிவிடும். எனக்கு ஆனது 2024 தீபாவளிக்குப் பிறகுதான். அதற்கு முன் 23 வருஷம் அந்தப் படியை மிதித்திருக்கிறேனே ஒழிய, உட்கார்ந்ததில்லை.

அசதி. காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. மேலுக்கு முடியவில்லை என்று சொல்லலாம். எங்கே முடியவில்லை என்று கேட்டால் காட்டுவதற்கு இடமில்லை. காலையில் கண் விழிக்கும்போதே ராத்திரி பத்து மணி வேலை முடித்தவள் மாதிரி இருக்கும். தலை வாரிக்கொண்டே வந்து பாதியில் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே அலுவலகத்துக்குப் போகாமல் மகன்தான் ஒருநாள் காப்பாற்றினான்.

இதில் வாய்த்த ஊரோ மதுரை. மாங்குடி மருதனார் ‘மதுரைக்காஞ்சி’யிலேயே நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைக்கும் ராத்திரிக் கடைக்கும் தனித்தனிப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று பிடித்தது, இன்னும் தூங்கா நகரம் என்ற பட்டத்தை விட மாட்டேன் என்கிறோம். நடுராத்திரியில் இட்லி அவிகிறது. மாட்டுத்தாவணியில் பொழுது விடிவதற்குள் மல்லிகை விலை ஏறி இறங்கிவிடுகிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் சாயங்காலம் ஏழரைக்கே கொட்டாவி விடுகிறவளை என்னவென்று நினைப்பார்கள்? உறவில் ஒரு கல்யாண வரவேற்பில் பந்திக்குக் காத்திருந்தபடியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது என் இலையில் பாயாசம் வரை எல்லாம் பரிமாறியிருந்தது, பக்கத்து இலையில் மூன்றாவது ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ரத்தம் கம்மி” என்று கீழ்வீட்டு அக்கா தீர்ப்புச் சொன்னார். “வாரம் ரெண்டு தரம் சுவரொட்டி சாப்பிடு.”

மதுரையில் சுவரொட்டிக்கு அர்த்தம் இரண்டு. காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை சுவரில் ஒட்டுவது ஒன்று. ஆட்டின் மண்ணீரல் இன்னொன்று. வாங்கி வரச் சொன்னதும் என் வீட்டுக்காரர், “யார் யார் போட்டோ போடணும்?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும். இரண்டு மாதம் சுவரொட்டி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சாயங்காலம் சுக்கு தட்டிப்போட்ட பருத்திப்பால். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 12.6. ரத்தம் நன்றாகவே இருந்தது. அசதியும் நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் ஒரு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டுக்கு எழுதிக் கொடுத்தார். சுமார் 4-க்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். எனக்கு 46. தாளை வாங்கிப் பார்த்த வீட்டுக்காரர், “நூத்துக்கு நாப்பத்தாறு. பாஸ்தானே?” என்றார்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கிற சரக்கு இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் தைராய்டைப் பார்த்து “எந்திரி, வேலையப் பாரு” என்று போடுகிற சத்தம். தைராய்டு அசையாமல் கிடந்தால் சத்தம் கூடிக்கொண்டே போகும். காலேஜ் லீவில் காலை ஒன்பது மணிக்கு என் மகனுடைய அறை வாசலில் நின்று பார்த்தால் இந்த விஞ்ஞானம் முழுக்க விளங்கிவிடும். 46 என்பது நான் அவனுடைய முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற கட்டம்.

மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்டு ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது. சத்துக்கு என்று சாப்பிடும் சுண்ணாம்பு மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. அந்த முதல் ஒரு மணி நேரம் இருக்கிறதே! ஐந்து மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே நான். டிகாஷன் சொட்டு விழும் சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் வந்து, டம்ளரை உயர்த்தி ஆற்றி, ஒரு வாய் குடித்து “ஆங்…” என்கிறார். இந்த “ஆங்” இல்லாமலும் காபி இறங்கும் என்று அவருக்குப் புரிய வைக்க ஒரு வாரம் ஆனது.

மாத்திரை போட்டால் மறுநாளே குதித்து எழலாம் என்று நினைத்திருந்தேன். “ஆறு எட்டு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் டோஸையே சரி பண்ணுவேன்” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் ரெஸ்ட் எடுத்துக்கங்க.”

ரெஸ்ட். வீட்டில் அதைச் சொன்னதும் எல்லாரும் தாராளமாக ஒத்துக்கொண்டார்கள். “நீ போய்ப் படு. அப்படியே போற வழியில அடுப்பச் சின்னதா வச்சுட்டுப் போ.” ஆம்பளை பகலில் படுத்தால் ஓய்வு. பொம்பளை படுத்தால் செய்தி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் முக்கால் மணி நேரம் கட்டையைச் சாய்த்ததற்குச் சிவகங்கையிலிருந்து நாத்தனார் போன் செய்து விசாரித்தார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திக்விஜயம் போயி எட்டுத் திக்கையும் ஜெயிச்சவ மீனாட்சி. அவளுக்கே மத்தியானம் பன்னெண்டரைக்கு நடை சாத்துனா நாலு மணிக்குத்தான் தொறக்குறாங்க. ராத்திரி பள்ளியறை பூஜை வேற. நான் படுத்தா என்ன அத்தை?”

“அவளுக்கு நடை சாத்த ஆளு இருக்கு” என்றார் அத்தை. நியாயமான பதில். நான் இன்னும் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் படுத்துக் கிடந்த நாட்கள் என்னைக் கெடுக்கவில்லை. கெடுத்தது நல்ல நாட்கள். பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமை, எழுந்ததும் உடம்பு கடன் அடைத்த மாதிரி லேசாக இருந்தது. விட்டால் போச்சு என்று பரண் மேல் ஏறினேன். கல்யாணத்துக்கு வந்த ஏழு குத்துவிளக்கையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மூன்று கிலோ அரிசிக்கு மாவு ஆட்டினேன். மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்த் தட்டினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குத்துவிளக்குகள் பளபளவென்று நின்றன. நான் பக்கத்தில் தரையில் கிடந்தேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் கிடந்தேன். அத்தனை மாவும் புளித்துப் பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி ஃப்ரிட்ஜுக்குள் ஓடியது.

என் சொந்த அக்கா மகள் பெங்களூரிலிருந்து ஒரு கணக்குச் சொன்னாள். லூபஸ் நோயுள்ள கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கப் பெண், உடம்பு முடியாதவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை உணவகத்தில் தோழியின் கையில் ஸ்பூன்களைக் கொடுத்து விளக்கினாராம். குளித்தால் ஒரு ஸ்பூன் போச்சு, உடுத்தினால் ஒன்று. 2003-இல் அவர் எழுதியது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அருமையான கணக்கு. எங்கள் வீட்டில் அதைக் கரண்டியாக மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அன்று ராத்திரியே வீட்டுக்காரர் சமையலறையில் எட்டிப்பார்த்து, “இன்னைக்கு எத்தனை கரண்டி மிச்சம்?” என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. “ஒண்ணுதாங்க.” “அப்ப தேங்காச் சட்னி மட்டும் போதும்.”

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம். சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறினேன். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் காசு கிடையாது. ஜன்னல் சீட்டும் கிடைத்தது. கோரிப்பாளையம் சிக்னல் வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்டக்டர் தம்பி கம்பியில் தட்டுகிறார்.

“அக்கா, அழகர்கோயில்.”

“புதூர் இன்னும் வரலையா தம்பி?”

“அது வந்து முக்கா மணி நேரம் ஆச்சுக்கா. அசந்து தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல.”

வெளியே கோட்டைச் சுவரும் மலையும் இருட்டிக்கொண்டு நின்றன. அதே பஸ்ஸில் திரும்பினேன். இந்த முறை தூக்கம் வரவில்லை, நன்றாகத் தூங்கியிருந்தேனே. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் ரோட்டோரக் கல்மண்டபங்கள் கண்ணில் பட்டன. ஒன்றில் ஆடு கட்டியிருந்தது, ஒன்றில் சீட்டாட்டம், ஒன்று பூட்டிக் கிடந்தது. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்துவிட்டுச் சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் வெள்ளையடித்துக்கொள்ளும் மண்டபங்கள். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது இறக்கி வைக்கிற இடங்கள்.

இதே ஊரில் பிறந்து வளர்ந்து, அழகர் ஆற்றில் இறங்குவதைத் தவறாமல் பார்த்தவள் நான். அவர் எப்படி வந்து சேருகிறார் என்று யோசித்ததே இல்லை. மலையிலிருந்து வைகைக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம். அவருக்கு இரண்டு ராத்திரி ஆகிறது. கள்ளர் வேடம் பூண்டு சாயங்காலம் கிளம்புகிறவர் மறுநாள் விடியும்போதுதான் மூன்றுமாவடிக்கு வருகிறார். அன்று ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கல். அதற்கடுத்த விடியலில்தான் குதிரை ஏறி ஆறு. நடுவில் மண்டகப்படி, மண்டகப்படி, மண்டகப்படி. போக வர எல்லாம் சேர்த்தால் 400-க்கு மேல் வரும். ஒவ்வொன்றிலும் பல்லக்கு நிற்கும், தீபாராதனை நடக்கும், சீர்பாதந்தாங்கிகள் தோளை மாற்றிக்கொள்வார்கள், புறப்படும். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வரவில்லை என்று ஊரே கதை சொல்கிறது. அதற்காக ஒரு மண்டகப்படியையாவது குறைத்தாரா?

களைப்பாக இருக்கிறது என்று அவர் நிற்பதில்லை. நிற்க வேண்டிய இடம் வந்தது, நிற்கிறார். நான் விழுந்த பிறகு படுக்கிறவள். வித்தியாசம் அங்கேதான் இருந்தது. இன்னொன்றும் உண்டு: அவருடைய ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் உபயதாரர் இருக்கிறார். இந்த மண்டபம் இந்தக் குடும்பத்துக்கு, அந்த மண்டபம் அந்தக் கடைக்காரர்களுக்கு. அழகர் நிற்பதற்கு அவர்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதினேன். லீவு நாள் பதினோரு மணி மண்டகப்படி, இருபது நிமிஷம்: உபயம் மகன். அந்த நேரத்தில் போன், கேஸ்காரர், கீரைக்காரம்மா எல்லாம் அவன் பொறுப்பு. சாயங்காலம் நாலு மணி மண்டகப்படி: உபயம் வீட்டுக்காரர், டீயுடன். ராத்திரி எட்டு மணி: உபயம் அத்தை, அவர் சீரியல் பார்க்கும் நேரம், அப்போது என்னை யாரும் கூப்பிடுவதை அவரே விரும்ப மாட்டார். நல்ல நாளாக இருந்தாலும் நின்றே ஆக வேண்டும். பாதிக் குத்துவிளக்கில் மணி பதினொன்று அடித்தால் புளிக்கையோடு உட்கார வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. படுப்பதைவிட, படுக்கத் தேவையில்லாதபோது படுப்பது.

கதவில் மாட்ட அட்டை ஒன்றும் எழுதினேன்: ‘மண்டகப்படி நடக்கிறது. எழுப்பக் கூடாது.’

மதுரையில் மண்டகப்படிக்கும் அர்த்தம் இரண்டு. வாங்கிக் கட்டிக்கொள்வதும் மண்டகப்படிதான். நாலு மணி டீ நாலரைக்கு வந்த நாட்களில் உபயதாரர் அதையும் பெற்றுக்கொண்டார்.

பரண் இன்னும் பாதி பாக்கி. ஆனால் ஏப்ரலில் டி.எஸ்.எச். 11-க்கு இறங்கியது; நானும் 22 படியை ஒரே மூச்சில் ஏறினேன். அந்தத் தைரியத்தில்தான் தப்புப் பண்ணினேன். 2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. எங்கள் தெருமுனைப் பந்தலுக்குப் புளியோதரை நான் செய்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஐந்து கிலோ அரிசி வடித்தேன். மண்டகப்படியாவது ஒன்றாவது! அழகரே வருகிற நாளில் நான் உட்காருவதா? மூன்றுமாவடிக்கு வந்துவிட்டார் என்று சத்தம் கேட்டதும் பட்டுப்புடவை உடுத்தி, சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடத்தை மேலே வைத்து, வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். வரும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று.

கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ரோடெல்லாம் தண்ணீர், நசுங்கின பூ, வாழை இலை. மடியில் சொம்பு அப்படியே இருந்தது. சர்க்கரையில் எறும்பு.

“ஏங்க, எழுப்பியிருக்கக் கூடாதா?”

வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் சேரின் முதுகைக் காட்டினார். கதவில் இருந்த அட்டையை எடுத்து வந்து அங்கே மாட்டியிருந்தார். இருந்த ஆத்திரத்தில் அவருக்கு இரண்டாவது அர்த்தத்தில் ஒரு பெரிய மண்டகப்படி நடத்தினேன். கீழ்வீட்டு அக்காதான் புளியோதரைத் தொன்னையோடு வந்து தடுத்தார்.

“விடும்மா. நம்ம வாசல்லதான் தோள் மாத்துனாங்க. ரெண்டு நிமிஷம் நின்னாரு. உன்னைய நல்லாப் பாத்துட்டுத்தான் போனாரு.”

“நான் எப்படிக்கா இருந்தேன்?”

“வாயத் தொறந்து தூங்கிட்டிருந்த.”