அரிசியோடு உலகம் சுற்ற

கேள்வி: எம்.பி.ஏ. முடித்திருக்கிறேன். சர்வதேச அரிசி வியாபாரத்தில் இறங்கினால் முன்னுக்கு வர முடியுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமாக. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. ஆனால் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு முதலில் அரிசி கப்பலேறும் காக்கிநாடா துறைமுகத்துக்குப் போங்கள். அங்கே மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டிய அரிசியில் ஒன்றைக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்லும் பெரியவர் யாராவது இருப்பார். 'கடக்'கென்று ஒடிய வேண்டும். ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் கப்பலிலேயே பூசணம்தான். அவரிடம் கொஞ்ச நாள் கைகட்டி நில்லுங்கள். இது எந்த எம்.பி.ஏ.விலும் வராது.

அடுத்து, நாட்டுக்கு நாடு ருசி வேறு. நாம் கோழிக்கு இறைக்கும் நொய்யை செனகல்காரர் காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறார். மீன் சோற்றுக்கு அதுதான் அவருக்கு ருசி. பெனினுக்குப் புழுங்கல், மலேசியாவில் நம்மவர்களுக்குப் பொன்னி. பாஸ்மதிக்காரர்கள் தனி ஜாதி, விடுங்கள்.

ஜாதகத்தில் சனியைப் பார்க்கும்போது டெல்லியையும் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. சரக்கு ஏறாமல் நிற்கும் கப்பலுக்குத் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். பி.பி. மாத்திரைச் செலவைக் கம்பெனி ஏற்குமா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.